துப்பாக்கி அக்கா வீட்டுக்காரர்

வாங்க சார், வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். நாய் ஒண்ணும் பண்ணாது, அது பக்கத்து ஊட்டு நாய். ஊடு கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா? இருக்காதே. முக்குல மளிகைக் கடையில கேட்டிருப்பீங்க. சென்னியப்பன் ஊடு எதுன்னு கேட்டீங்களா? தெரியாதுன்னு சொல்லியிருப்பானே? அப்புறம், சோபாவுக்குப் பின்னு அடிக்கற மெஷின் விக்கறாங்களாமேன்னு கேட்டிருப்பீங்க. உடனே, "ஓ, துப்பாக்கி அக்கா ஊடா!"ன்னு கடையை விட்டு எறங்கி வந்து கை காட்டியிருப்பான். சிரிக்காதீங்க சார். அதுதானுங்களே நடந்துச்சு?

இந்த ஊடு என் பேர்ல இருக்குதுங்க. கரண்டு பில்லு என் பேர்ல வருது. இந்தச் சிங்காநல்லூர்ல மண் ரோடு இருந்த காலத்துல இருந்து குடியிருக்கறேன். ஆனா அந்தக் கடைக்காரனுக்கு நான் ஆரு? துப்பாக்கி அக்கா ஊட்டுக்காரர்.

உக்காருங்க. அய்யய்யோ, அந்தச் சேர்ல வேண்டாங்க. இதுல உக்காருங்க. அதுல ஒண்ணும் இல்லீங்க, அது நான் பண்ணுனது... சொல்றேன், எல்லாத்தையும் வரிசையாச் சொல்றேன்.

இந்தத் துண்டை எடுக்கறேன் பாருங்க. இதுதானுங்க சாமான். ஏர் ஸ்டேப்ளரு, துப்பாக்கியாட்டம் இருக்கறதால கடையில 'கன்னு'ம்பாங்க. எப்படி மின்னுது பாத்தீங்களா? பொட்டைப் பாக்கறீங்களா? காலையில குளிச்சுட்டு நான்தான் வச்சேன். சந்தனம் கொஞ்சம் தாராளமாக் கரைச்சு வச்சு, நடுவுல குங்குமம். ஊட்டை விட்டுப் போற பொருளுங்க, வெறும் மொகத்தோட அனுப்பக் கூடாது.

நான் போட்டோவோட போட்ட விளம்பரத்தைப் பாத்துட்டுக் கூப்பிட்டப்ப, உங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள சோபா சரியாகணும்னு போன்ல சொன்னீங்க. தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றாங்க, இல்லீங்களா? நல்லதுங்க. கிழிஞ்ச சோபாவுல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களை உக்கார வைக்க முடியுமா? குஷன் ஆளு வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்லை, அதானே? எனக்கும் ஆரம்பம் அதேதானுங்க.

அவசரம் எனக்கும் இருக்குது. என் ஊட்டுக்காரி வசந்தாமணி பொள்ளாச்சிக்குப் போயிருக்கறா, அவ தங்கச்சி ஊட்டுல காதுகுத்து. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவா. அவ பஸ் ஏறி வர்றதுக்குள்ள இது இந்த ஊட்டை விட்டுக் கெளம்பிறணும். அவ இருந்தா விக்க விடமாட்டா. அப்படிப் பாக்காதீங்க சார், திருட்டுச் சாமான் இல்லை! வாங்குனவன் நான். பில்லு இருக்குது. என் பேர்ல.

நான் பம்பு கம்பெனியில பர்சேஸ்ல இருந்தவனுங்க. வேலைக்குச் சேந்ததுல இருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் பர்சேஸ்தான். ஒரு போல்ட்டு வாங்கறதா இருந்தாலும் மூணு எடத்துல கொட்டேஷன் கேக்காம வாங்குனதில்லை. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்பேன். சப்ளையருங்க எல்லாம் என் ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. "சென்னியப்பன் சார் என்ன சொல்றாரு? சென்னியப்பன் சார்கிட்டக் கேட்டாச்சா?" நாள் பூரா இதுதான். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டாங்க, சால்வை போட்டாங்க, செவுத்துக் கடிகாரம் ஒண்ணு குடுத்தாங்க. அதுக்கு மறுநாள்ல இருந்து ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. ஊட்டுல என்னத்தைக் கேப்பாங்க? தேங்காய் இருக்குதா இல்லையான்னு கேப்பாங்க. இருக்குதுன்னா இருக்குது. அதுல என்ன கொட்டேஷன் வாங்கறது?

அப்பத்தானுங்க இந்த டைனிங் சேருங்க தொங்க ஆரம்பிச்சுது. உக்காந்தா பள்ளம், எந்திரிக்க ஆள் புடிக்கணும். குஷன் ஆளுக்குப் போன் பண்ணுனா, இன்னைக்கு அமாவாசைங்க, நாளைக்கு அஷ்டமிங்க, அதுக்கு மறுநாள் எங்க மச்சான் ஊட்டு விசேஷமுங்க. போய்த் தொலையுது, நானே பண்ணிக்கறேன்னு சொன்னேன். வசந்தாமணி சொன்னா, "அதுக்கு எதுக்குங்க மெஷினு? கையில அமுக்கற கன்னு ஒண்ணு விக்கறாங்க, அது போதுமே."

போதுமாம்! போதும்கற வார்த்தையே பர்சேஸ்ல கிடையாதுங்க.

கையில அமுக்கறது இருக்குது, இல்லைங்கல. ஒரு சேரு முடிக்கறதுக்குள்ள மணிக்கட்டு வீங்கிப் போகும். கரண்டுல ஓடறது ஒண்ணு இருக்குது. ப்ளைவுட்டுன்னா பரவால்லை, தேக்குல அடிச்சா பாதிப் பின்னு வெளிய நிக்கும், சுத்தியலைத் தேடிட்டு ஓடணும். மூணாவது இது, காத்துல ஓடறது. கம்ப்ரசர்ல காத்து ரொம்பும், ஓஸ் வழியா கன்னுக்கு வரும், விசையை அமுக்குனா 'டப்'. அவ்வளவுதான். பின்னு துணியோட படிஞ்சு உக்காந்துரும்.

சரி, காத்துல ஓடறதுன்னு முடிவாச்சு. முடிஞ்சுதுங்களா? அங்கதான் சார் ஆரம்பமே. எந்தப் பின்னு போடற கன்னு? துணிக்கு, ரெக்சினுக்குன்னா அகலமான, மெல்லிசுப் பின்னு. மரத்தோட மரம் சேக்கணும்னா ஒடுக்கமான, தடிச்ச பின்னு. துணிக் கன்னை வச்சு அலமாரி அடிச்சா நிக்காது. மரக் கன்னை வச்சு ரெக்சின் அடிச்சா கிழிச்சுட்டுப் போயிரும். ரெண்டுக்கும் ஒரே கன்னுன்னு ஒரு கடைக்காரன் சொன்னான் பாருங்க, அந்தக் கடைப் பக்கமே அப்புறம் நான் போகலை. அப்புறம் கம்ப்ரசரு. டேங்க் சின்னதா எடுத்தா பத்துப் பின்னுக்கு ஒருக்கா மோட்டார் உறுமும். பெருசா எடுத்தா ஊட்டுல நம்ம கட்டிலை வெளிய போடணும். எண்ணெய் ஊத்தறதா, ஊத்தாததா? எண்ணெய் ஊத்தாததுல சத்தம் அதிகம். ஊத்தறதுல எண்ணெய் காத்தோட கலந்து வெள்ளைத் துணியில புள்ளி வச்சா என்ன பண்றது?

ஆடியில பாக்க ஆரம்பிச்சேனுங்க. ஆடித் தள்ளுபடி முடியட்டும்னு விட்டேன். தீபாவளிக்கு இன்னும் குறைப்பாங்கன்னு விட்டேன். கார்த்திகையிலதான் வாங்குனேன். அதுவரைக்கும் நெதம் சாயங்காலம் சட்டையை மாட்டிட்டுக் கெளம்பிருவேன். காந்திபுரம், உக்கடம், டவுன்ஹால்னு நான் ஏறாத கடை இல்லை. எல்லாக் கடையிலயும் ஸ்டூல் போட்டு உக்கார வச்சு டீ வாங்கிக் குடுப்பாங்க. "சார், என்ன முடிவு பண்ணுனீங்க?"ன்னு கேப்பாங்க. ராத்திரி சோத்துல உக்காந்தா வசந்தாமணி, "இன்னைக்கு என்னங்க ஆச்சு?"ன்னு கேப்பா. நான் சொல்லுவேன், அவ தட்டுல ரசத்தை ஊத்திட்டே கேப்பா. சந்தோசமா இருந்தோம் சார். உண்மையாலுமே சந்தோசமா இருந்தோம். சேருதான் அதுபாட்டுக்குத் தொங்கிட்டிருந்துச்சு.

நான் பண்ணுன தப்பு ஒண்ணே ஒண்ணுதான். வாங்குனது.

பின்னு வாங்கும்போது கடைக்காரன் கேட்டான், பலகை எத்தனை கனம்னு. அரை இஞ்சுன்னேன். "அப்ப எட்டு மில்லிமீட்டர் நீளப் பின்னே போதுங்க"ன்னான். மறுபடியும் போதும்! இருக்கறதுலயே நீளமானது எதுன்னு கேட்டேன். பதினாறுன்னான். விலை என்னன்னேன். கிட்டத்தட்ட அதேதான்னான். சொல்லுங்க சார், நீங்களும் படிச்சவரு. அதே விலைக்கு ரெட்டை நீளத்துல கெடைக்கும்போது குட்டையை எவனாச்சும் வாங்குவானா? ஒரு பொட்டி பூரா நீளமாவே வாங்கியாந்தேன்.

நல்ல நேரம் பாத்து ஆரம்பிச்சேன். என்னென்ன பண்ணக் கூடாதுன்னு எனக்கு அத்துப்படிங்க. கன்னை ஆளு மேல நீட்டக் கூடாது. பின்னு இல்லைன்னு நெனைச்சுட்டு விசையைத் தொடக் கூடாது. பின்னு மாத்தும்போதும், சிக்கிக்கிட்டா எடுக்கும்போதும் ஓஸைக் கழட்டிறணும். கண்ணாடி போட்டுக்கணும். எல்லாம் தெரியும். அதோ, அந்தப் போன வருசக் காலண்டர்ல முருகனோட வேலுக்குப் பக்கத்துல பின்னு ஒண்ணு மின்னுதே, அது மொத நாளு. அது கன்னு வெயிட்டு தெரியாம நடந்தது. அதை விடுங்க.

காத்து எவ்வளவு வைக்கறதுன்னு ஒரு திருகு இருக்குது பாருங்க, இந்த முள்ளு காட்டுதே. கடையில எழுபது வைங்கன்னான். டேங்க்ல நூத்துக்கு மேல இருக்கும்போது எழுபது குடுத்தா மெஷினை அவமானப்படுத்தற மாதிரி இல்லீங்களா? முழுசாத் தொறந்து விட்டேன். மொதப் பின்னு ரெக்சினைத் தொளைச்சுட்டு உள்ள போயி ஒளிஞ்சுக்குச்சு. ரெக்சின் தரம் அப்படி. அந்த ரெக்சினை மட்டும் வசந்தாமணி வாங்கியாந்தா, நான் கூடப் போகலை.

எப்படியோ ஒரு சேரை முடிச்சேன். கெட்டின்னா கெட்டி, அப்படிக் கெட்டி. தைப் பொங்கலுக்கு என் சகலை வெள்ளியங்கிரி பொள்ளாச்சியில இருந்து குடும்பத்தோட வந்தாரு. தேங்காய் மண்டி வச்சிருக்கறாரு, நல்ல கனத்த உடம்பு. புதுச் சேர்ல உக்காருங்க சகலைன்னு நானே கையைப் புடிச்சு உக்கார வச்சேன். உக்காந்தாரு. உக்காந்த வேகத்துக்கு ரெண்டு மடங்கு வேகத்துல எந்திரிச்சாரு. எலையில வச்ச சக்கரைப் பொங்கல் சட்டையில, கையி பின்னால. பலகை அரை இஞ்சு, பின்னு அதை விட நீளம், முனை மேல எட்டிப் பாத்துருச்சுன்னு எல்லாரும் பேசறாங்க. நான் ஒத்துக்கலீங்க. மண்டியில மூட்டை மேலயே உக்காந்து பழகுன மனுசன், சேர்ல மெல்ல உக்காரத் தெரியாது. வசந்தாமணி என்ன பண்ணுனா? புருசனுக்கு ஒரு வார்த்தை பரிஞ்சு பேசுனாளா? மாரைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. தங்கச்சியும் அக்காளும் சேந்துட்டுச் சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க.

நீங்க வந்ததும் உக்காரப் போனீங்களே, அந்தச் சேருதான் அது. அதைப் பிரிக்க நான் விடலை. சும்மாதான் இருக்குது, யாரும் உக்காராம.

பொறவு ஒரு நாள் நான் மருதமலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாக்கறேன், ரெண்டு சேரு முடிஞ்சு நிக்குது. மூணாவதைக் கவுத்துப் போட்டு, முந்தானையை இடுப்புல சொருகிட்டு, என் கண்ணாடியை மாட்டிட்டு, இவ அடிச்சுட்டிருக்கறா. முள்ளு அறுபத்தஞ்சுல நிக்குது. மொதல்ல நாலு பக்கமும் நடுவுல ஒவ்வொரு பின்னு. அப்புறம் துணியை இழுத்துப் புடிச்சு நடுவுல இருந்து மூலைக்கு. மூலையில சேலைக் கொசுவம் மாதிரி மடிச்சு, ஒரே டப். நான் நின்னு பாத்தேன். துணியில ஒரு சுருக்கம் இல்லீங்க. கல்யாணத்துக்கு முன்னால ரவிக்கை தச்சுட்டிருந்தவ, துணி எந்தப் பக்கம் இழுத்தா நீளும், எந்தப் பக்கம் நீளாதுன்னு கைக்குத் தெரியும். அது ஒரு பெரிய விசயமா?

"ஏது இந்தப் பின்னு?"ன்னு கேட்டேன். "குட்டைப் பின்னுங்க, முக்குல ஹார்டுவேர் கடையில வாங்குனேன்"ங்கறா. "வேற எங்க கேட்டே?" "எதுக்குங்க வேற எங்க கேக்கணும்? அங்க இருந்துச்சு, வாங்கிட்டேன்."

ஒரே கடை சார்! ரெண்டாவது கடையில கேக்கக்கூட இல்லை!

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எதிர் ஊட்டு டீச்சரம்மா வந்து பாத்தாங்க, அவங்க சோபா வந்துச்சு. டீச்சரம்மா சொல்லி டாக்டர் கிளினிக்கு பெஞ்சு வந்துச்சு. கிளினிக்குல உக்காந்தவங்க ஊட்டுல இருந்தெல்லாம் வர ஆரம்பிச்சுது. காய்ச்சலுக்கு ஊசி போட வந்தவன் பெஞ்சைத் தடவிப் பாத்துட்டு, இது ஆரு பண்ணுனதுன்னு கேக்கறானாம். வாசல்ல எந்நேரமும் ஒரு சேரு தலைகீழா நிக்கும். பள்ளிக்கூடம் போற கொழந்தைங்க எட்டிப் பாத்து, "துப்பாக்கி அக்கா, ஒருக்கா சுடுங்க"ன்னு கேக்கும். இவளும் ஒரு கட்டையில 'டப்'புன்னு அடிச்சுக் காட்டுவா. அப்படி வந்த பேருதான் அது.

எனக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? பழைய பின்னைப் புடுங்கறது. திருப்புளியை உள்ள விட்டு நெம்பி, குறடால புடிச்சு இழுக்கணும். ஒரு சோபாவுல எத்தனை பின்னு இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எம்ப்ளாயீஸ் யூனியன் தலைவரையே அரை நாள் வெளிய உக்கார வச்சவன் நான். இப்பப் பனியனோட தரையில உக்காந்து பின்னு புடுங்கறேன். "ஏனுங்க, ஒண்ணு விட்டுட்டீங்க பாருங்க"ன்னு மேல நின்னுட்டுச் சொல்றா.

ஆயுதபூசை வந்துச்சு. சரி, பூசையிலயாவது மெஷினுக்கு ஆரு சொந்தக்காரன்னு தெரியட்டும்னு நானே எடுத்து, தொடச்சு, சந்தனம் கரைச்சேன். "மூக்குல வைக்காதீங்க, பின்னால புடியில வைங்க"ன்னு அவ சமையல்கட்டுல இருந்து கத்தறா. நல்லா இருக்குதே! மொகத்துல பொட்டு வைக்காம முதுகுலயா வைப்பாங்க? பின்னு வர்ற வாயிதானே அதுக்கு மொகம்? அங்க வச்சேன், அழகா. மறுநாள் எடுத்து அடிச்சா அடிக்கலை. 'புஸ்'ஸுங்குது, பின்னு வரலை. அன்னைக்குன்னு கல்யாண மண்டபத்துல இருந்து வந்த சேருங்க குமிஞ்சு கெடக்குது. சந்தனம் காஞ்சு வாயை அடைச்சுருச்சுங்கறா இவ. நான் சொல்றேன், அது காத்துல இருக்கற ஈரம். மழைக் காலத்துல டேங்க்ல தண்ணி கட்டும், அடியில இருக்கற திருகைத் தொறந்து வடிக்கணும். நான் வடிச்சேன், ஒரு டம்ளர் தண்ணி வந்துச்சு. அந்நேரத்துல அவ மண்ணெண்ணெயில பழைய டூத் பிரஷ்ஷை நனைச்சு மூக்கைத் தேச்சுட்டிருந்தா. சரியாயிருச்சு. நான் தண்ணியை வடிச்சதாலதான் சரியாச்சுன்னு நான் சொல்றேன். அவ சிரிச்சா.

அதனாலதான் விக்கறேன்னு நெனைக்காதீங்க. அவ தோள்பட்டைக்காகத்தான் விக்கறேன். கன்னு கனமுங்க. அப்புறம் கம்ப்ரசர் சத்தம். பக்கத்து ஊட்டு நாய் சரியாச் சாப்பிடறது இல்லை. அப்புறம்...

அப்புறம் என்னங்க. இப்ப ராத்திரி சோத்துல உக்காந்தா, "நாளைக்கு ரெண்டு சோபா இருக்குது, வெள்ளனே எந்திரிச்சுப் பின்னைப் புடுங்கிருங்க"ங்கறா. வேற பேச்சு இல்லை. வர்றவங்க எல்லாம் அவளைக் கேக்கறாங்க. எந்தத் துணி நல்லா இருக்கும்னு அவளைக் கேக்கறாங்க, என்ன பஞ்சு வைக்கலாம்னு அவளைக் கேக்கறாங்க. நான் அங்கயேதான் உக்காந்திருக்கறேன். என்னை ஒரு வார்த்தை கேக்கறது இல்லை சார். அவளும் கேக்கறது இல்லை. எனக்கு வருத்தமா இருக்குதுங்க. அதை எங்க போய்ச் சொல்றது? மெஷினு போயிட்டா எல்லாம் பழையபடி ஆயிரும்னு பாக்கறேன்.

சரி, வியாபாரத்தைப் பேசுவோம். ஓட்டிக் காட்டணுமா? தாராளமா. ஓட்டிப் பாக்காம எவன் வாங்குவான்? நான்கூட வாங்கமாட்டேன். பாருங்க, சுவிட்சைப் போடறேன். காதைப் பொத்திக்காதீங்க, ரொம்பறதுக்கு ஒரு நிமிசம்தான்... நின்னுருச்சு பாத்தீங்களா? முள்ளு எண்பது. ஓஸை மாட்டறேன். பின்னு உள்ள இருக்குது. இந்தக் கட்டையில அடிக்கறேன், பாருங்க, கவனமாப் பாருங்க...

புஸ்ஸுங்குது.

இருங்க. மறுபடியும்... புஸ்ஸு.

ஈரமா இருக்கும். டேங்க்கை வடிக்கறேன்... ஒரு சொட்டுத் தண்ணி வரலையே. மழையெல்லாம் நின்னு போச்சே, கார்த்திகைக் கடைசியில ஏது ஈரம். ரெண்டு சொட்டு எண்ணெய் விடணுமோ? இந்தக் காத்து போற ஓட்டையில விடணும்... விட்டாச்சு. புஸ்ஸு. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு சார், மருதமலை முருகன் மேல சத்தியமா. நீங்க எந்திரிக்காதீங்க, ஒரு நிமிசம். இதுல உள்ள தொறக்கறதுக்கு ஒரு கொக்கி இருக்கும், அது எங்க இருக்குதுன்னு... அவளுக்குத்தான் தெரியும். ஒரு போன் போட்டுட்டா முடிஞ்சுது. உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்க சித்தெ சத்தம் போடாம இருங்க.

ஹலோ, வசந்தா? ஆமா, நான்தான். காதுகுத்து ஆச்சா? கொழந்தை அழுதுச்சா? ஒண்ணுமில்லை அம்மிணி, சும்மாதான்... இந்தக் கன்னு பின்னு போட மாட்டேங்குது. புஸ்ஸுங்குது. நான் எதுக்கு எடுத்தேனா? இல்லை, இங்க ஒரு சார் வந்திருக்கறாரு. சோபா விசயமா. ஆமா, சோபாதான். தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம், ஞாயித்துக்கிழமை. சும்மா ஒருக்கா அடிச்சுக் காட்டலாம்னு...

என்னது? பொட்டா?

... வச்சேன்.

எங்கயா? மொகத்துலதான். காலையில. இன்னைக்கு என்ன விசேசமா? விசேசம் ஒண்ணும் இல்லை, வைக்கணும்னு தோணுச்சு, வச்சேன். சரி, சரி, சிரிக்காதே. போனை வச்சுட்டுச் சிரி. ஓஸைக் கழட்டிட்டுத்தான் தேய்ப்பேன், அதெல்லாம் எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் எங்க? சிங்க்குக்கு அடியிலயா? சரி.

என்ன விளம்பரம்? எனக்கு ஒண்ணும் தெரியாதே. ஆரு, வெள்ளியங்கிரியா? அவரு போன்ல பாத்தாரா? எந்தப் போட்டோவு... காலண்டர் தெரியுதா? வேலு பக்கத்துல பின்னு... ம்.

ம்.

இல்லை வசந்தா, நான் உன் தோளுக்காகத்தான்... இல்லை. கேளு. சரி, நீ சொல்லு.

என்னது? மறுபடியும் சொல்லு? இன்னொரு கன்னா? மரத்துக்கா? ஓ, வர்ற சோபாவுல எல்லாம் கட்டையும் ஆடுதா? ஒடுக்கப் பின்னு அடிக்கறதா? அது சாதாரணமா எடுத்தற முடியாது அம்மிணி, அதுலயே நாலஞ்சு ரகம் இருக்குது. நீ ஒரே கடையில போயி வாங்கிட்டு வந்துராதே, சொல்லிட்டேன்! ஆ... நானா? நீயே சொல்றியா, நானே பாக்கட்டும்னு? உனக்குப் பொறுமை இல்லையா? அது எனக்குத் தெரியாதா! சரி, சரி, நான் பாக்கறேன். இல்லை, கோவமெல்லாம் ஒண்ணும் இல்லை. சாப்பிட்டேன். நீ பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காராதே, பனி. சாரோட சோபாவா? சனிக்கெழமை வரச் சொல்லட்டுமா? சரி. வச்சிர்றேன்.

பாத்தீங்களா சார்? பாத்தீங்களா? நான் இல்லாம இந்த ஊட்டுல ஒண்ணும் ஓடாது. இன்னொரு கன்னு வேணுமாம், மரத்துக்கு அடிக்கறது. "நீங்களே பாருங்க, எனக்கு அதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாது"ன்னு சொல்றா. அவ வாயால சொல்றா! சேரு சேராச் செஞ்சு என்ன பிரயோசனம், வாங்கறதுக்கு ஆளு வேணுமில்ல? எனக்கு இப்ப எப்படி இருக்குதுன்னா... சரி, உக்காருங்க, டீ வைக்கறேன். எனக்கு டீ போடத் தெரியும்.

அது விக்கறதுக்கில்லைங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க சோபாவுக்கு என்ன கவலை? சனிக்கெழமை கொண்டு வந்து எறக்குங்க. காலையில நான் பின்னு புடுங்கிருவேன், சாயங்காலத்துக்குள்ள அவ முடிச்சுருவா, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஜம்முன்னு உக்காருவாங்க. எந்திரிக்கவே மாட்டாங்க. கல்யாணம் முடிவான மாதிரிதான்.

உங்களுக்கும் சொந்தமா ஒரு கன்னு வேணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தீங்க? அதையும் நானே பாத்துர்றேன். ரெண்டா எடுத்தா பேரம் பேசத் தோதா இருக்கும். நாளைக்குச் சாயங்காலம் காந்திபுரத்துல ஆரம்பிக்கலாம். ஓ, நாளைக்கு அவ வர்றா. நாளான்னைக்கு. பொங்கலுக்கு ஒரு தள்ளுபடி போடுவாங்க, அதைப் பாப்போம். அதுல படியலைன்னா ஆடி வரைக்கும் பொறுத்துட்டோம்னா இன்னும் நல்லா எறங்கும்.

உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லையே?